பாம்பன் காற்றுக்கு ஏற்ற சஸ்பென்ஷன்: என் காரில் செய்ததும் தெரிந்துகொண்டதும்

மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஹேண்ட்லிங் என்றால் வளைவு. எங்கள் இராமநாதபுரம் பக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி வளைவு எதுவும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே சஸ்பென்ஷனில், அதாவது வண்டியைச் சக்கரத்தின் மேல் தாங்கும் அமைப்பில், கைவைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் ஒருமுறை போய் வர வேண்டும். தெற்கே மன்னார் வளைகுடாவிலிருந்து வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பக்கத்து ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள். சாலைப் பாலத்தில் கை ஸ்டீயரிங்கில் இருக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

காற்று ஒன்று. அடுத்தது சாலையின் அலை. சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. மேலே எவ்வளவு நன்றாகத் தார் போட்டாலும் சில வருடத்தில் சாலை மேடும் தாழ்வுமாக நெளிந்துவிடும். பள்ளம் மாதிரி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 80இல் போகும்போது வண்டி முன்னும் பின்னும் தூக்கித் தூக்கிப் போடும். மூன்றாவது, சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து திடீரென்று ஓடிவரும் ஆடுகள். சட்டென்று ஒடித்து, உடனே திருப்பி நேராக்க வேண்டும். இந்த மூன்றிலும் வண்டி நிதானம் தவறாமல் இருந்தால் அதுதான் இந்தக் கடற்கரைக்கான ஹேண்ட்லிங். ரேஸ் வீடியோவில் பார்க்கிற மாதிரி தரையோடு தரையாக இறக்கி, கல் மாதிரி இறுக்கிய வண்டி இந்த மூன்றுக்குமே உதவாது.

என்னுடையது இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் டீசல், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கட்டை. இன்று நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான், அதனால் நான் சொல்வதில் முக்கால்வாசி உங்கள் வண்டிக்கும் பொருந்தும். ஸ்ட்ரட் என்றால் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண். இதை வடிவமைத்த ஏர்ல் மெக்ஃபர்சன் ஃபோர்டில் பணியாற்றிய பொறியாளர். மலிவு, இடத்தை அடைக்காது, பாகமும் குறைவு. அதனால்தான் எழுபது வருடத்துக்கும் மேலாக உலகமே இதைப் பயன்படுத்துகிறது. பாகம் குறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கிற சில புஷ்களில் (ரப்பர் உருளைகளில்) ஒன்று தளர்ந்தாலும் ஸ்டீயரிங்கில் உடனே தெரியும்.

வண்டி பாலத்தில் மிதக்கிறது, கரிசல் சாலையில் தொட்டில் மாதிரி ஆடுகிறது என்றதும் ஷாக்கை மாற்றத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இராமநாதபுரத்தில் நான் வழக்கமாக விடும் பட்டறையில், "பாய், நாலு ஷாக்கையும் மாத்திரலாமா?" என்று கேட்டேன். "இருங்க தம்பி, கீழ என்ன இருக்குன்னு மொதல்ல பாப்போம். புஷ் போன வண்டிக்குப் புது ஷாக் போட்டா, நாளைக்கு ஷாக்கைத்தான் குறை சொல்லுவீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையால் மொத்த வேலையும் சரியான வரிசையில் போனது. டயர், புஷ், ஷாக், அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). ஸ்பிரிங்கைத் தொடுவதா வேண்டாமா என்பது எல்லாவற்றுக்கும் பிறகு.

டயரிலிருந்து தொடங்குகிறேன். சஸ்பென்ஷன் செய்கிற வேலையெல்லாம் கடைசியில் உள்ளங்கை அளவு ரப்பர் நாலு இடத்தில் தரையைத் தொடுவதற்காகத்தான். டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரித்தது. எங்கள் வெயிலில் பட்டன் (டயரில் தரையைத் தொடும் கட்டங்கள்) தேயாமலே ரப்பர் இறுகிவிடுகிறது. வருடத்தைப் பார்க்காமல் பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்து டயர் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது.

என் வண்டிக்கு வந்தது 165/80 ஆர்14, அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 14 அங்குல ரிம். இதே காரின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. இரண்டின் விட்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவது சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 621.5. ஸ்பீடோமீட்டர் மாறாது, உயரமும் மாறாது. பக்கச்சுவர் மட்டும் 132 மில்லிமீட்டரிலிருந்து 120 ஆகிறது, அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. நான் இந்த அளவுக்குத்தான் மாறினேன். ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே இருந்த சோம்பல் இதிலேயே பாதி போய்விட்டது. 16, 17 அங்குல ரிம் போட்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். பக்கச்சுவர் குறையக் குறைய மீனவக் கிராமங்களில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையும் கருவேல முள்ளும் ரிம்முக்கும் டயருக்கும் எமனாகிவிடும். கம்பெனி அந்தக் காருக்கே கொடுத்த பெரிய அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். நண்பகலில் தார் ரோட்டில் ஓடி வந்த டயரில் சாதாரணமாகவே மூன்று நாலு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பங்க்சர் கடையில் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்துதான் இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழு லோடுக்கு ஒரு அளவு. குடும்பத்தோடும் சாமான்களோடும் இராமேசுவரம் போகும்போது பின் டயரில் முழு லோடு அளவை வைத்துப் பாருங்கள். பின்பாரம் கூடினால் பக்கக்காற்றில் வண்டியின் வால் அலையும் குணமும் கூடும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத முதல் மருந்து இதுதான்.

அப்புறம் வண்டியைத் தூக்கிக் கீழே பார்த்தோம். சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இரண்டு புஷ் உண்டு. பின்பக்கம் இருக்கிற பெரிய புஷ் கிழிந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் போகவிடாமல் தாங்குவது அதுதான். அது கிழிந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும், காஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மெண்ட் கடையில் எத்தனை தடவை விட்டாலும் இது தீராது, ஏனென்றால் மெஷினில் வண்டி நிற்கும்போது எல்லாம் நேராகத்தான் காட்டும். வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடிலும் ஆட்டம் இருந்தது. வேகத்தடையில் டொக் டொக் என்ற சத்தம் அங்கிருந்துதான். லோயர் ஆர்மின் நுனியில் சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயிண்டின் ரப்பர் உறையும் வெடித்து மணல் உள்ளே போயிருந்தது. கடற்கரை மணலும் கிரீஸும் கலந்தால் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த மாதிரிதான்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுசாக முறுக்கக்கூடாது. கையால் முடிந்த அளவுக்கு முறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் முழுப் பாரமும் வந்தபிறகுதான் டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்துக் கடைசி முறுக்கு. காரணம் எளிது. ரப்பர் புஷ் சுழலாது, உள்குழாய் போல்ட்டோடு இறுகிப் பிடித்துக்கொள்ள ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். தொங்குகிற நிலையில் இறுக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைப்பாக இருக்கும். புதுப் புஷ் ஆறு மாதம்கூட வரவில்லை என்று புலம்புகிற பலருடைய வண்டியில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்டீயரிங் கூர்மையாகும், உண்மை. கூடவே சத்தமும் அதிர்வும் உள்ளே வரும், அவ்வப்போது கிரீஸ் கேட்கும், மணல் புகுந்தால் கீச்சிடும். எங்கள் ஊருக்கு நல்ல ரப்பரே போதும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஷாக்கைப் பார்த்தோம். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும் என்பார்கள். அந்தச் சோதனையில் மொத்தமாகப் போன ஷாக்கைத்தான் பிடிக்க முடியும், பாதி போனதைப் பிடிக்க முடியாது. அதைச் சாலைதான் சொல்லும். ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய் ஈரம் இருப்பது தவறில்லை. வடிந்து தூசி படிந்து சேறாகியிருந்தால் அது முடிந்தது.

ஷாக் என்ன செய்கிறது என்பதில் தெளிவு இருந்தால் கடைக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டு ஆடவேண்டியதில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அழுத்திய ஸ்பிரிங் திரும்ப எகிறாமல் அடக்குவது ஷாக். அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பைவிட விரியும்போது காட்டும் எதிர்ப்பு பொதுவாக அதிகமாக இருக்கும். விரியும் எதிர்ப்பு போதவில்லை என்றால் வண்டி மிதக்கும். மிதமிஞ்சி இருந்தாலும் கெடுதல்தான்: அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் (எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பில்) இடிக்கும். இறுக்கமான ஷாக்தான் நல்ல ஷாக் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும்.

தொட்டில் ஆட்டத்துக்கு வருகிறேன், எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு மேட்டை முதலில் முன்சக்கரம் தொடுகிறது, பின்சக்கரம் கொஞ்சம் கழித்து. ஸ்விஃப்டில் இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2430 மில்லிமீட்டர். 80இல் போனால் வித்தியாசம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முன்பக்கம் ஏற்கெனவே ஆடத் தொடங்கியபிறகு பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் கடைசிவரை முன்னும் பின்னும் மாறி மாறித்தான் தூக்கும். பின்பக்கத்தின் ஆட்ட வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பின்னால் தொடங்கியது முன்னதை எட்டிப் பிடித்துவிடும், வண்டி முழுதும் ஒரே மட்டமாக ஏறி இறங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஆலி இதைச் சோதித்துச் சொன்னார். கார் கம்பெனிகள் இன்றைக்கும் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வைக்கின்றன.

இதிலிருந்து நமக்கு நேரடியாக ஒன்று கிடைக்கிறது. முன்பக்க ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கமானதாக மாற்றினால் இந்தப் பொருத்தம் குலையும், கரிசல் சாலையில் ஆட்டம் கூடும். பின்னால் பாரம் ஏறினாலும் பின்பக்க ஆட்ட வேகம் குறைந்து அதேதான் நடக்கும். அதனால் நான் கம்பெனி ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு, கம்பெனி அளவிலேயே கேஸ் நிரப்பிய புது ஷாக் நாலும் போட்டேன். கேஸ் அழுத்தம் உள்ளே இருக்கும் எண்ணெயை நுரைக்க விடாது. நீண்ட தூரம் குலுங்கும் சாலையில் எண்ணெய் நுரைத்தால் ஷாக் வேலையை விட்டுவிடும். ஷாக்கோடு ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிது. பழைய மவுண்டில் புது ஷாக்கைப் பொருத்துவது பணத்தை மிச்சம் பிடிப்பது ஆகாது, சில மாதத்தில் மறுபடி அதே கூலி கொடுத்துக் கழற்ற வேண்டிவரும். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும்.

முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பியைத் தடிப்பாக்கினால் சாய்வு குறையுமே என்று ஒரு நண்பர் கேட்டார். சாய்வு குறையும். ஆனால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் போகும் மொத்தப் பாரத்தை எந்தக் கம்பியாலும் குறைக்க முடியாது. அது வண்டியின் உயரம், அகலம், வேகத்தால் முடிவாகிற விஷயம். முன்னுக்கும் பின்னுக்கும் அது எப்படிப் பங்காகிறது என்பதைத்தான் கம்பி மாற்றும். முன்னால் தடித்தால் முன் வெளிச்சக்கரத்தின் மேல் கூடுதல் சுமை. டீசல் இன்ஜினின் பாரத்தை ஏற்கெனவே சுமக்கும் முன்டயர் அதனால் இன்னும் சீக்கிரம் பிடியை விடும். ஆட்டை விலக்கி ஒடிக்கும் நேரத்தில் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும்.

ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் அடைப்பு வைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் அதிகம். வேகத்தடையில் அடி தட்டாமல் இருக்க என்று விற்கிறார்கள். அடைப்பு வைத்த சுற்று வேலை செய்யாது, மற்ற சுற்றுகள் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமக்கும், ஸ்பிரிங் ஒரே இடத்தில் களைத்து உடையும். கடற்காற்றில் அடைப்புக்கும் கம்பிக்கும் நடுவே உப்பீரம் தங்கித் துருவும் ஏறும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது இதைவிட ஆபத்து. சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு விலகலாம். மெக்ஃபர்சன் அமைப்பை இறக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட அது சாய்வதற்கான மையம் அதிகமாக இறங்கிவிடுகிறது. விளைவாக, சாயத் தூண்டும் நெம்புகோல் நீளும், குறையாது. மேலும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து இழப்பீடு கேட்கப் போகும்போது அந்தப் பிரிவு ஞாபகத்துக்கு வந்து பயனில்லை.

கடைசியாக அலைன்மெண்ட். புது ஷாக் போட்ட அன்றே ஒரு தடவை, கொஞ்ச நாள் ஓடி எல்லாப் பாகமும் தன் இடத்தில் படிந்தபின் இன்னொரு தடவை. டேங்கில் பாதிக்கு மேல் டீசலோடு போங்கள். முடிந்தால் டிரைவர் சீட்டில் உங்கள் எடையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்க்கும்போது முன்விளிம்பில் மயிரிழை உள்ளே சேர்ந்திருந்தால் வண்டி நேராக ஓட விரும்பும், வெளியே விரிந்திருந்தால் ஸ்டீயரிங் பரபரப்பாக இருக்கும், காற்றில் ஒவ்வொரு தள்ளலுக்கும் எதிர்வினை காட்டும். கம்பெனி அனுமதிக்கும் எல்லைக்குள் உள்ளே சேர்ந்த பக்கத்தில் வைக்கச் சொன்னேன். "கிரீன்ல இருக்கு சார், போதும்" என்பார் கடைக்காரர். இடதும் வலதும் ஒரே எண்ணாக வரும்வரை கேட்டு வாங்குங்கள், பிரிண்ட் அவுட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு பாலத்தில் போனால் காற்று தள்ளத்தான் செய்கிறது. காற்றை எந்த ஷாக்கும் தடுக்காது. தள்ளியபிறகு ஒரே சின்னத் திருத்தத்தில் வண்டி தன் கோட்டுக்கு வந்துவிடுகிறது, முன்பு இரண்டு மூன்று தடவை கை ஆடவேண்டும். பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது ஒரே தட்டு, மறு எகிறல் இல்லை. உச்சிப்புளி தாண்டி மரக்கூட்டம் விட்டு வெளியே வரும் இடங்களில் காற்று திடீரென்று பிடிக்கும்போதும் அப்படித்தான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 2017இல் திறந்த 9.5 கிலோமீட்டர் சாலை மட்டும் தனிக்கதை. காற்று மணலைச் சாலைமேல் விரித்து வைத்திருக்கும், அங்கே எந்த டியூனிங்கும் செல்லாது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. மீன் வண்டியிலிருந்து தண்ணீர் வடிந்த தாரும் அதே மாதிரி.

போட்டதைக் காப்பாற்றுவது இங்கே பாதி வேலை. தனுஷ்கோடி, மண்டபம் போய் வந்தால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகும். நான் மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதைத்தான் கடைசி அலசலுக்குப் பயன்படுத்துகிறேன். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மணல் தேங்கும். ஈரமணல் பெயிண்டை உரசி எடுத்து, அங்கே துருப்பிடித்துத்தான் ஸ்பிரிங் உடைகிறது. தண்ணீரை அந்தக் கிண்ணத்துக்குக் குறிபார்த்து அடியுங்கள். வாட்டர் வாஷ் கடையில் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ்ஷை அது ஊறவைத்துக் கெடுக்கும், போகிற வழி மணலையெல்லாம் ஒட்டவைத்துக்கொள்ளும். துருவுக்கு முறையான அண்டர் கோட்டிங் உண்டு, அதையும் புஷ், ஷாக் தண்டு மேல் படாமல் அடிக்கச் சொல்ல வேண்டும்.

இன்னும் பின்பக்க பீம் புஷ் இரண்டும் பாக்கி இருக்கிறது. இப்போதைக்கு விரிசல் மட்டும்தான், கிழியவில்லை. அதை எடுக்க பீமையே இறக்கி பிரஸ்ஸில் வைத்துத் தள்ள வேண்டும், பிரேக் லைனையும் கழற்ற வேண்டிவரும். துருப்பிடித்த லைன் நட்டு அப்போது உடையும் என்று பாய் இப்போதே சொல்லிவிட்டார். அதனால் நட்டில் துரு இளக்கி அடித்து வைத்துவிட்டு, புஷ்ஷோடு புது பிரேக் லைனும் வாங்கி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்குவதாகத் திட்டம்.